பூஜ்யத்துக்கு ஜிஎஸ்டி தனி

பூஜ்யத்தின் விலை நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். ஜிஎஸ்டி தனி. உலகத்துக்கே பூஜ்யத்தை இனாமாக வழங்கிய தேசத்தில், கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் என்னிடம் அதற்கு விலை சொன்னார் என்பதைச் சரித்திரம் மன்னிக்காது.

கள்ளக்குறிச்சியில் என் தலைமையில் சி.என்.சி. யுகம் பிறந்த வரலாறு இது. கல்வராயன் மலைப்புளியும் கடுக்காயும் கொள்முதல் செய்தே மூன்று தலைமுறையாகத் தழைத்த எங்கள் குடும்பத்தில், ‘கலை’க்குத் தாவிய முதல் ஆள் நான்தான். சங்கராபுரம் சாலையிலிருந்த புளிக் கிடங்கைக் காலிசெய்து, கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரத்தைச் செதுக்கும் இயந்திரத்தை நிறுவினேன். வாசலில் பேனர் கட்டினேன்: ‘கைபடாத சிற்பக்கலை. மனிதத் தவறுக்கு இடமில்லை.’ அதில் என் படம் பெரிதாகவும் இயந்திரத்தின் படம் சிறிதாகவும் இருந்தன. கலைஞனுக்கு உரிய இடத்தைக் கொடுக்க வேண்டாமா?

இத்தொழிலில் இறங்க விரும்பும் இளைஞர்களுக்கு என் அறிவுரை ஒன்றுதான். இயந்திரக்காரர் தரும் விலைப்பட்டியலில் அடிக்க முடிந்ததையெல்லாம் அடித்துவிடுங்கள். நான் பயிற்சியை அடித்தேன். கரண்ட் போனால் தாங்கிப்பிடிக்கும் பேட்டரியை அடித்தேன். கடைசியில் ஒரு பித்தளைத் துண்டு மிஞ்சியது.

“இது இன்னாத்துக்கு?” என்று கேட்டேன்.

“ஜீரோ காட்டறதுக்குங்க சார். பலகையோட மூலை எதுன்னு மெஷினுக்குத் தொட்டுக் காட்டும். அங்கிருந்துதான் அது அளக்கவே ஆரம்பிக்கும்.”

“ஜீரோன்னா ஒண்ணுமில்லாததுதான?”

“ஆமாங்க சார்.”

“ஒண்ணுமில்லாததுக்கா நாலாயிரத்து ஐந்நூறு?”

அவர் பட்டியலில் அந்த வரியையும் அடித்தார். பிறகு, “சரிங்க, நீங்களே கையால காட்டிக்குங்க. நீங்க எத ஜீரோன்னு சொல்றீங்களோ அத மெஷின் அப்படியே நம்பிக்குமுங்க” என்றார்.

“திருப்பிக் கேக்காதா?”

“கேக்காதுங்க.”

இப்படி ஒரு வாடிக்கையாளரைத்தான் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகத் தேடிக்கொண்டிருந்தது.

முதல் ஆர்டர் மலையிலிருந்தே இறங்கி வந்தது. வெள்ளிமலைப் பக்கத்துக் குஞ்சம்மாளும் அவர் கணவர் வேடியப்பனும் எங்கள் கடைக்கு வருஷக்கணக்கில் புளி போட்டவர்கள். குடகுக்குப் போய் மிளகு பறித்த காசில் வீடு கட்டியிருந்தார்கள். தலைவாசலுக்குக் கஜலட்சுமி செதுக்கிய தேக்குக் கதவு வேண்டும். நாற்பத்தைந்தாயிரம் என்றேன்.

“யானைக்கும் சேத்தா, யானை தனியா?” என்றார் குஞ்சம்மாள்.

“ரெண்டு யானையும் சேத்துதாம்மா.”

“அப்ப சரி. ஆனா தம்பி, சாமி கண்ண மட்டும் கடைசில தொறக்கணும். வெள்ளிக்கெழம, நல்ல நேரத்துல, எங்க கண்ணு முன்னால. மறா நாளு கதவு மாட்டணும். ஞாயித்துக்கெழம பால் காய்ச்சறோம். சனமெல்லாம் வருது.”

கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன். கதவின் டிசைனில் கண்களை மட்டும் தனி வேலையாகப் பிரித்து அனுப்பினார்கள். பலகையைப் படுக்கவைத்து, மூலைக்கு இயந்திரத்தின் செதுக்கும் ஊசியைக் கொண்டுபோய், ‘இதுதான் ஜீரோ’ என்று பொத்தானை அழுத்தினேன்.

இங்கே ஓர் உண்மையைப் பெருமையோடு பதிவுசெய்கிறேன். எங்கள் குடும்பத்தில் எந்தத் தராசும் பூஜ்யத்தில் நின்றதில்லை. முள்ளை நேராக நிறுத்தப் போனால், விரல் தானாகக் கொஞ்சம் தள்ளிவிடும். அது திருட்டல்ல, ரத்த ஓட்டம். மூலையைக் காட்டும்போதும் விரல் தள்ளியது. ஒரு கெடுதலும் நேரவில்லை. லட்சுமி, தாமரை, யானைகள் எல்லாமே ஒரே அளவு தள்ளி நின்றதால் தள்ளியதே தெரியவில்லை. வியாபாரத்தின் சூட்சுமம் அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை தம்பதியர் கற்பூரத்தோடு வந்தார்கள். நல்ல நேரம் பிறந்ததும் இயந்திரம் வலது கண்ணைத் திறந்தது. குஞ்சம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன். கரண்ட் போனது.

நாங்கள் நால்வரும் காத்திருந்தோம்: அவர்கள் இருவர், நான், ஒற்றைக் கண்ணோடு லட்சுமி.

“பத்தரைக்கு ராகு காலம்” என்று வேடியப்பன் செல்போனைப் பார்த்துச் சொன்னார்.

“வந்துடும்” என்றேன்.

“கரண்டா, ராகு காலமா?”

பத்து இருபதுக்குக் கரண்ட் வந்தது. ஆனால் கரண்ட் போனதில் இயந்திரம் எல்லாவற்றையும் மறந்திருந்தது. பலகை எது, மூலை எது என்று மறுபடி நான்தான் சொல்ல வேண்டும். பேட்டரியை அடித்த கையாலேயே ஓடிப்போய் ஊசியை நகர்த்தி, மூலையைக் காட்டி, பொத்தானை அழுத்தினேன். இயந்திரம் நம்பியது. இடது கண் திறந்தது.

ஒரு பொய்யை ஒரே அளவில் இரண்டு முறை சொல்வது எத்தனை கடினம் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். இடது கண் கால் அங்குலம் கீழே இறங்கி, கன்னத்தின் மேல் உட்கார்ந்திருந்தது.

குஞ்சம்மாள் குனிந்து பார்த்தார். துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, இரண்டு கண்களுக்கும் குறுக்கே வைத்துப் பார்த்தார். குச்சி சாய்ந்தது.

“இன்னா தம்பி இது?”

“கருணைப் பார்வைம்மா. மேல இருக்கறவங்களுக்கு ஒரு கண்ணு, கீழ இருக்கறவங்களுக்கு ஒரு கண்ணு.”

“ஒண்ணு என்னிய பாக்குது. இன்னொண்ணு உன் கல்லாவ பாக்குது.”

“வேற பலக போட்டு, மூணு வாரத்துல புதுசா...”

“நாளான்னிக்கு சனம் வருது. கதவில்லாத வூட்லயா படுக்க வெப்பேன்?”

அவர் எடுத்துப்போகாவிட்டால் லட்சுமி எனக்கு விறகு. விட்டுப்போனால் அவர் வீட்டுக்குக் கதவில்லை. இருவருக்கும் இது தெரிந்திருந்தது. அப்படிப்பட்ட இடத்தில்தான் பேரம் பிறக்கும். வேடியப்பன் மெதுவாகக் கேட்டார்:

“புளி மூட்ட எறக்கனா உங்கப்பாரு இன்னா சொல்வாரு, ஞாபகம் கீதா?”

குஞ்சம்மாளே பதில் சொன்னார். என் அப்பாவின் குரல் அவருக்கு அப்படியே வந்தது. “ஈரம், கொட்டை, தூசி. பத்துக்கு ஒண்ணு கழிவு போவ மிச்சம் எடுத்துக்க.”

“அது புளிம்மா. சாமிக்குப் போயி கழிவா?”

“சாமிக்கு இல்ல. சாமிய எடை போட்டியே, அந்தக் கைக்கு.”

கதவை வேனில் ஏற்றினார்கள். அந்தம்மா மேலே ஒரு போர்வையைப் போர்த்தினார்.

“கண்ணு இப்பிடி இருக்கே, பரவால்லியாம்மா?” என்றேன்.

“இருக்கட்டும். நல்லவங்க வந்தா நேர்க் கண்ணால பாப்பா. உங்கள மாதிரி தராசு தூக்கிக்கினு வர்றவங்களுக்குத்தான் அந்தக் கீழ்க் கண்ணு.”

வேன் போனதும் பேனரைப் பார்த்தேன். ‘மனிதத் தவறுக்கு இடமில்லை.’ உண்மைதான். இடம் முழுவதையும் என் படம் அடைத்துக்கொண்டிருந்தது.

முதல் ஆர்டரின் கணக்கைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கிறேன். கதவு நாற்பத்தைந்தாயிரம். கழிவு நாலாயிரத்து ஐந்நூறு. ஜிஎஸ்டியை மட்டும் அந்தம்மா கேட்கவில்லை. வரவு நாற்பதாயிரத்து ஐந்நூறு. அவர்கள் எங்களுக்குத் தர வேண்டியது பூஜ்யம்.

நாங்கள் அவர்களுக்குத் தர வேண்டியது, மூன்று தலைமுறைப் புளி. எவ்வளவென்று தெரியவில்லை. எடைபோட்டது நாங்கள்.