பிரேக்கண்ணன் காயப்போட்ட சோளம்

பெரம்பலூரில் பிரேக்கண்ணனிடம் திட்டு வாங்காதவர்கள் இரண்டே வகை: பிறக்காதவர்கள், செத்துப்போனவர்கள். செத்தவர்களிலும் ஒருவருக்குத் திட்டு விழுந்ததை நானே கேட்டேன். அவருடைய பாடை ரோட்டை அடைத்துக்கொண்டு போனதாம்.

துறையூர் ரோட்டு முனையில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். அரை மணி நேரத்துக்கு வண்டி கேட்டால் கால் மணி நேரம் பரீட்சை. சாக்பீஸால் தரையில் ஒரு கோடு கிழிப்பார். வேகமாக ஓட்டி வந்து கோட்டைத் தொடாமல் நிறுத்திக் காட்ட வேண்டும். மாமனார் வீட்டுக்குப் புறப்பட்ட புது மாப்பிள்ளையைப் பட்டு வேட்டியோடு ஏழு தடவை ஓட்டவைத்தார். "கல்யாணம் பண்ணத் தெரிஞ்சுச்சுல்ல, பிரேக்கு புடிக்கத் தெரியாதா?" என்று அவர் கத்தியது பஸ் ஸ்டாண்டு வரை கேட்டது.

எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த ரோட்டை அகலப்படுத்தினோம். நான் அப்போது ரோடு ஆபீசில் குமாஸ்தா. யாருக்காக அகலப்படுத்தினோம் என்று நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. பஸ்ஸும் லாரியும் பறந்தன. தார் விளிம்போ மண்ணைவிட ஒரு சாண் உயரத்தில் நின்றது. பின்னால் ஹாரன் கேட்டால் நடப்பவரும் சைக்கிள்காரரும் அந்தப் பள்ளத்தில் குதிக்க வேண்டும். குதிக்க முடியாதவர் விழ வேண்டும்.

பிரேக்கண்ணனின் மனைவி தண்ணீர்க் குடத்தோடு விழுந்தார். கணுக்கால் முறிந்தது. பஸ் நிற்கவே இல்லை.

மறுநாள் காலை பிரேக்கண்ணன் எங்கள் இன்ஜினியர் முன்னால் நின்றார். "சார், ஓரத்துல மண்ணு கொட்டி மட்டம் பண்ணுங்க. நடக்கறவங்களுக்கும் சைக்கிளுக்கும் கோடு போட்டு எடம் வுடுங்க."

இன்ஜினியர் சிரித்தார். "சைக்கிளுக்குன்னு தனியா எடம் வுட இது என்ன சீமையாய்யா?"

"சீமையில இருக்கறவனுக்கு மட்டுந்தான் காலு இருக்கா சார்?"

அன்றிலிருந்து வாராவாரம் மனு. அவற்றை வாங்கிக் கட்டி வைத்துவிட்டு, "பரிசீலனைல இருக்குண்ணே" என்று கூசாமல் பொய் சொன்னவன் நான்தான். அந்தக் கோபம் எனக்கு என்மேல் இன்னும் தீரவில்லை.

ஒருநாள் காலையில் பார்த்தால், துறையூர் ரோட்டில் பஸ்கள் பரம சாதுவாக விலகிப் போய்க்கொண்டிருந்தன. எங்கள் பக்கத்தில் அறுவடை முடிந்தால் தானியம் காய்வது தார் ரோட்டில்தான். சுற்றிக் கல் வைத்துவிட்டால் எந்த டிரைவரும் அதைத் தொடமாட்டான். பிரேக்கண்ணன் விளிம்பிலிருந்து நாலு முழம் தள்ளி, தன் கடையிலிருந்து பள்ளிக்கூட வாசல் வரை கல் வைத்து, கல்லையொட்டி ஒரு சாண் அகலத்துக்குச் சோளம் பரப்பியிருந்தார். அதற்கு உள்பக்கம் பிள்ளைகள் கைவீசி நடந்தார்கள். சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு போயின.

அந்தச் சோளம் மூன்று மாதம் காய்ந்தது. காலையில் பரப்புவார், சாயங்காலம் அள்ளுவார். கடைசியில் அதைக் கொத்த வந்த கோழியே அலகு வலித்து ஓடியது.

பஸ் முதலாளிகள் புகார் கொடுத்தார்கள். இன்ஜினியர் ஜீப்பில் கிளம்பினார், அளவு டேப்போடு நானும் போனேன். "ஏத்துய்யா அது மேல!" என்று அவர் கத்த, டிரைவர் ஸ்டீயரிங்கை ஒடித்து, ஒரு மணிகூட நசுங்காமல் ஒதுக்கி நிறுத்தினார். "சோத்து மேல எப்படி சார் ஏத்துறது?"

பிரேக்கண்ணன் ஓடி வந்தார். "பாத்தீங்களா? சோளத்துக்கு ஒதுங்குறாங்க. என் பொண்டாட்டிக்கு ஒதுங்கல. மனுசன் சோளத்தவிடக் கேவலமாப் போயிட்டானா?"

இன்ஜினியர் ஜீப்பை விட்டு ரோட்டில் இறங்கினார். "மொதல்ல அள்ளுய்யா!"

"அள்ளிடறேன். அதே எடத்துல நீங்க கோடு போடுங்க."

அந்த நேரம் பார்த்துப் பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. இன்ஜினியர் துள்ளிக் குதித்துச் சோளத்துக்கு உள்பக்கம் போய் நின்றார். பஸ் விலகிப் போனது. நின்ற இடத்தை அவர் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். பிறகு என்னிடம், "அந்தக் கல்லுலேர்ந்து அளவெடு" என்றார்.

மண் கொட்டி ஓரம் மட்டமானது. வெள்ளைக் கோடு போட்ட அன்று பிரேக்கண்ணன் மனைவியை அழைத்து வந்தார். அந்த அம்மா நொண்டி நொண்டிக் கோட்டுக்குள் நடந்தார். ஒரு பஸ் கோட்டுக்கு வெளியே போனது. பிரேக்கண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை நோக்கி வந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நிமிர்ந்து நின்றேன்.

"கோடு கோணலா இருக்குடா. கண்ணு என்ன பொடனிலயா இருக்கு?"

கோணல்தான். கயிறு பிடித்தவன் நான். அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ரோட்டு ஓரமாக நடக்கும்போது, பின்னாலிருந்து அந்தக் குரல் ஒரு தடவை திட்டினால் தேவலை என்று இப்போதும் இருக்கிறது.