சைவக் கடல்

தஞ்சாவூரில் காலிச் சாக்குப் பராமரிப்பு அலுவலகம் என்று ஒன்று இருந்தது. நெல் போன பிறகு மிஞ்சுகிற சாக்குகளை எலியிடமிருந்து காப்பாற்றுவது அதன் திருப்பணி. எலிகளும் அலுவலகமும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் காலம் தள்ளிக்கொண்டிருந்தபோது, நாட்டில் தாராளமயம் வந்தது. அதன் முதல் அறிகுறியாக, அதிகாரி தியாகராசன் பெங்களூரில் ஒரு பயிற்சிக்குப் போய்க் கழுத்தில் டையோடு திரும்பினார்.

இனிமேல் நாம் ஊழியர்கள் இல்லை, ஒரு டீம் என்று அறிவித்தார். டீம் என்றால் சேர்ந்து எங்காவது போயாக வேண்டுமாம். "ஊழியர் நல்லுறவு மேம்பாட்டுக் கோயில் மற்றும் கடற்கரைச் சைவப் பயணம்" என்று ஓர் ஆணை பிறந்தது. வேதாரண்யம் வரை வேன், வழியெல்லாம் கோயில், முடிவில் கடல்.

அதைத் தட்டச்சு செய்த அம்சவல்லிக்கு, 'கடற்கரை' வந்த இடத்தில் விரல் தடுமாறியது. நீடாமங்கலம் பக்கம் வயல்காட்டில் பிறந்தவள். நாற்பது தாண்டியும் கடலைப் பார்த்ததில்லை. கணவன் மருதையன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்தான். ஞாயிறுதோறும் எதிர்வீட்டுக்குப் போன் போட்டு அந்த ஊர்க் கடலைப் பற்றியே அளப்பான். ஒருநாள் வீறாப்பில், "நானுந்தான் கடலுக்குப் போயி கால நனைச்சேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பொய் அன்றிலிருந்து நெஞ்சைக் கரித்துக்கொண்டே இருந்தது. எப்படியாவது காலை நனைத்துவிட்டால், பொய் முன்தேதியிட்டு உண்மையாகிவிடும்.

முதல் ஆட்சேபம் தலைமை எழுத்தர் இளையபெருமாளிடமிருந்து வந்தது. நெற்றி நிறைய நாமம் போடுகிறவர். சைவப் பயணம் என்றால் சிவன் கோயில் மட்டும்தானா, பெருமாள் என்ன பாவம் செய்தார் என்று கேட்டார். விளக்க ஆணை வந்தது: "சைவம் என்பது சாப்பாட்டைக் குறிக்கும், சாமியைக் குறிக்காது."

கணக்கர் அமலோற்பவம் சும்மா இருந்திருக்கலாம். வேளாங்கண்ணியில் வேன் நிற்காது என்ற வருத்தத்தில் இருந்தவர், "அப்ப கடல் சாப்பாடா, சாமியாங்க சார்?" என்று கேட்டுவைத்தார்.

அலுவலகத்தில் ஒரு சந்தேகம் எழுந்துவிட்டால் அதற்கு ஒரு குழு வேண்டும். மீன் வாழ்வதால் கடல் அசைவம் என்றது குழு. அம்சவல்லி பதறிப்போய், அமாவாசைக்கு சனங்கள் முங்கி எழுகிறார்களே, அது தீர்த்தம் இல்லையா என்றாள். குழு யோசித்து, கரையோரம் முழங்கால் ஆழம் வரை சைவம், அதற்கு அப்பால் அசைவம் என்று திருத்தியது. அவளுக்கு முழங்கால் போதும்.

ஆனால் அசைவத் தண்ணீர் சைவத் தண்ணீரில் கலக்காது என்பதற்கு என்ன அத்தாட்சி என்று தியாகராசன் பச்சை மையில் எழுதினார். மீன் வாடை எதுவரைக்கும் வருகிறது என்று முகர்ந்து அறிக்கை தர, இளையபெருமாள் ஜீப்பில் அனுப்பப்பட்டார். மறுநாள் திரும்ப வேண்டியவர் ஒரு வாரம் முகர்ந்தார். கன்னம் உப்பித் திரும்பி, வாடை பலமாக இருப்பதாகவும் மேலும் முகரத் தாம் தயார் என்றும் தெரிவித்தார்.

இறுதி ஆணை வந்தது. வேன் சவுக்குத் தோப்புக்கு இந்தப் பக்கமே நிற்கும். அலைச் சத்தம் காதில் விழுந்ததும் கடல் பார்க்கப்பட்டதாகக் கொள்ளப்படும்.

அப்படியே நடந்தது. கோயிலுக்குக் கோயில் இறங்கிக் கும்பிட்டு, இட்லி சாப்பிட்டு, தோப்போரம் போய் நின்றார்கள். தியாகராசன் காதில் கை வைத்துக் கேட்டார். "ம், பார்த்தாச்சு. வண்டிய திருப்பு."

அம்சவல்லிக்கு அழுகை முட்டியது. வேலையில் சேர்ந்த நாளாக அதிகாரியைக் கேள்வி கேட்காதவள் கேட்டாள். "ஒரு சந்தேகங்க சார். நம்மள்ல யாருங்க சைவம்?"

தியாகராசன் இளையபெருமாளின் நாமத்தைப் பார்த்தார். இளையபெருமாள் தியாகராசனின் திருநீற்றுப் பட்டையைப் பார்த்தார்.

"உமக்காகத்தானேய்யா சைவம்னு போட்டேன்" என்றார் அதிகாரி.

"நான் எல்லாம் சாப்புடுவேன் சார். நீங்கதான் மத்தியானம் கதவ சாத்திக்கிட்டு சாப்புடுவீங்க. ரொம்ப ஆசாரம்னு நெனச்சோம்."

"அது கருவாடுய்யா. வாடை வெளிய போகக் கூடாதுல்ல."

இரண்டு பேரும் சேர்ந்து அமலோற்பவத்தைப் பார்த்தார்கள். "என்னைய ஏன் பாக்குறீங்க? எங்க வீட்டுப் பூனையே மெலிஞ்சு கெடக்கு, முள்ளு மிஞ்சுறதில்ல" என்றார் அவர்.

அப்புறம் என்ன, நேரே கடலுக்குப் போக வேண்டியதுதானே என்று நமக்குத் தோன்றும். நாம் அரசு உத்தியோகத்தில் இல்லை. சைவர் இல்லாமல் சைவப் பயணம் போனது தணிக்கைக்குத் தெரிந்தால் டீம் மொத்தமும் மாட்டும். ஒருவராவது சைவராக இருந்தே ஆக வேண்டும். கேள்வி கேட்டவள் என்ற தகுதியில் அம்சவல்லி ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டாள்.

"எழுதிக்குங்க சார். ஆனா தண்ணியில நின்னுக்கிட்டுதான் கையெழுத்துப் போடுவேன்."

போட்டாள். கலங்கல் தண்ணீர் கணுக்காலைச் சுற்றி வந்தது. காலடியில் சேறு பிதுங்கியது. ஊரில் நடவு வயலில் இறங்கியது மாதிரியேதான் இருந்தது. இருந்தாலும் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மற்றவர்கள் கரையில் இறாலும் வஞ்சிரமுமாக உட்கார்ந்தபோது, ஆணைப்படி அவளுக்கு எலுமிச்சஞ் சாதம் வந்தது. உங்கள் தியாகத்தை டீம் மறக்காது என்று தியாகராசன் முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னார்.

டீம் மறக்கவில்லை. மறுவருடம் ஓர் ஆணை வந்தது: "சென்ற ஆண்டு ஒரே ஒரு சைவரால் அலுவலகம் முழுவதும் பட்ட இடையூற்றைக் கருதி, திருமதி அம்சவல்லி இவ்வாண்டுப் பயணத்தில் சேர்க்கப்படமாட்டார்." அதையும் அவள்தான் தட்டச்சு செய்தாள்.

பெயர்ப் பட்டியல் மேலிடத்துக்குப் போய்ப் பதில் வந்தது. சைவப் பயணத்துக்கு மட்டுமே அனுமதி உண்டு. பட்டியலில் சைவர் எவரும் இல்லாததால் பயணம் ரத்து.

மூன்று பேரும் அவள் மேசையைச் சுற்றி வந்து நின்று, இந்த ஒரு தடவை மட்டும் சைவமாக இருந்துகொடுக்கக் கூடாதா என்று கெஞ்சினார்கள்.

"கடலப் பாத்தாச்சுங்க சார்" என்றாள் அம்சவல்லி. "இனிமே எனக்கு மீனு போதும்."

இன்றுவரை அந்த அலுவலகத்தில் சைவர் பணியிடம் காலியாகவே இருக்கிறது. விருப்பமுள்ள வாசகர்கள் விண்ணப்பிக்கலாம். முன் அனுபவம் தேவையில்லை.