உங்களுக்கு டி எவ்வளவு?

மதிப்பெண் கேட்கும் மனிதர்களைத் தெரியுமல்லவா? பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை செருப்பைக்கூடக் கழற்றியிருக்காது, அதற்குள் கேட்டுவிடுவார்கள். அந்த இனத்தில் ஒரு பிரிவினர் பிள்ளை பிறக்கும்வரைகூடப் பொறுப்பதில்லை. குழந்தைப்பேறு சிகிச்சை மையத்தின் காத்திருப்பு அறையிலேயே ஆரம்பித்துவிடுவார்கள்.

நானும் என் மனைவியும் போகும் மையத்தில் அந்தப் பிரிவின் தலைவி வெயிலக்கா. பெயர் நர்ஸுகள் வைத்தது. நாற்காலியில் நீங்கள் பாதி உட்காரும்போதே, "டி எவ்வளவு?" என்பார். வைட்டமின் டி. நாற்பது என்றால் பக்கத்தில் இடம் உண்டு. இருபது என்றால் ஒரு உச்சுக்கொட்டல். அதற்கும் கீழே போனால், எந்த ஜன்னலில் எப்போது வெயில் விழும், முழங்கை வரை போதுமா, காலையும் காட்ட வேண்டுமா, மாத்திரை சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று, உள்ளே உங்களைக் கூப்பிடும்வரை பாடம் நடக்கும். அவருடையது? ஐம்பத்திரண்டு. கேட்கவே வேண்டாம், அவரே சொல்வார். பஸ் ஓட்டும் கணவரையும் விடவில்லை. "இவருக்கு ஜன்னல் பக்கத்துக் கை மட்டும்தான் பாஸ்!"

டி குறைவதைப் பற்றி டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: "அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். அது மட்டும்தான்னு சொல்ல முடியாது." வெயிலக்கா முதல் வாக்கியத்தோடு எழுந்து வந்துவிட்டார்.

தையல்கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணுக்குப் பதினாலு. "பதினாலா! அதை வச்சுக்கிட்டா இங்க வந்தே?" என்று அவளைப் பால்கனிக்கே துரத்தினார்.

போன வாரம் இருவருக்கும் ஒரே நாளில் ரிசல்ட். தையல்காரி அழுதுகொண்டே வெளியே வந்தாள், கரு தங்கிவிட்டதாம். வெயிலக்காவுக்குத் தங்கவில்லை.

"டி ஏறிடுச்சா?" என்றார் அவளிடம்.

"பதினாறுதான்க்கா."

வெயிலக்கா சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "நான் எல்லாம் சரியாத்தானே செஞ்சேன்?" என்று கணவரிடம் கேட்டார். அவர் பாஸான கையால் அக்காவை அணைத்துக்கொண்டார். பாவம், முயன்றால் ஏறுவது என்று அவர் கையில் அந்த எண் ஒன்றுதான் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தையல்காரியின் கையைப் பிடித்தார். "நல்லா இரு. சரி, உனக்கு பி ட்வெல்வ் எவ்வளவு?"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஐம்பத்திரண்டு, பதினாறு என்று படித்தபோது, உங்கள் ரிப்போர்ட்டில் என்ன இருந்தது என்று மனசு ஒரு நொடி தேடியதா, இல்லையா? தேடியிருந்தால் அக்கா பக்கத்து நாற்காலி உங்களுக்குத்தான்.

என்னுடையது முப்பத்தொன்று. உங்களுக்கு?