நைனா வீட்டு மல்லி

வாசலில் நிற்கும் மல்லிகைச் செடியை ஒழித்தே தீருவது என்று மார்கழியில் கங்காதரன் முடிவெடுத்தான். முப்பது வருஷம் ஏரியில் வலை வீசியவனுக்கு, வலையை விரித்துப் பொத்தல் தைக்க இடமில்லை. விரித்தால் செடி பிடித்து இழுக்கிறது. பூக்கவாவது செய்கிறதா? மாமனார் கண்ணை மூடியதிலிருந்து நாலு வருஷமாக ஒரு மொட்டு இல்லை.

"எங்க நைனா வூட்டுச் செடி. அதுவா செத்தா எடுத்துக்க," என்றாள் அவன் மனைவி கஸ்தூரி.

கல்யாணமாகிப் பிறந்த ஊரான பசியாவரத்திலிருந்து கோட்டைக்குப்பத்துக்குத் தோணியில் வந்தபோது, ஈரத்துணியில் சுற்றி அவள் மடியில் வைத்திருந்த குச்சி அது. வழியெல்லாம் மாப்பிள்ளையை விட்டுவிட்டுக் குச்சியையே பார்த்துக்கொண்டு வந்தாள். அதைப் பார்க்க மார்கழிக்கு மார்கழி மாமனார் வருவார். அவர் கண்ணில் படாமல் கங்காதரன் விடியும் முன்பே ஏரிக்குப் போய்விடுவான்.

ஆனாலும் ஒன்று. அந்தக் காலத்தில் பங்குனி மாலைகளில், தோணி கரை தட்டும் முன்பே, கோட்டைக்குப்பத்து மீன் வாடையை மீறி அந்த வாசம் வந்துவிடும். நடை தானாக வேகமெடுக்கும். தலை நிறையப் பூவோடு நிற்பாள். "கையக் கழுவிட்டு வா," என்பாள். மூன்று தரம் கழுவுவான்.

அதெல்லாம் பழைய கதை. இப்போது வலைக்கு இடம் வேண்டும்.

"ஏமே, அது எப்பிடித்தான் சாவும்?"

"கெளையக் கழிச்சா போச்சு. கத்தியே படக்கூடாது."

அவள் மீன் விற்கப் போனதும் முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளினான். திரும்பி வந்தவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"எலயாவது மிச்சம் கீது. அத்த உருவிட்டா அவ்ளோதான்."

மறுநாள் உருவினான்.

"நண்டு ஓட்டை மட்டும் வேர்ல கொட்டிடாதய்யா."

ஒரு கூடை கொட்டினான்.

"குளிக்கிற தண்ணி அதும்மேல பட்டா அழுவிடும்."

அன்றுமுதல் செடியோரம் நின்று தினம் ரெண்டு பக்கெட் ஊற்றிக் குளித்தான். பக்கத்து வீட்டு நாகம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாண்ணா, புது மாப்ளயாட்டம் தெனம் குளிக்கிற?"

பங்குனி வந்தது. ஒரு மாலை, இறாலோடு கரை நெருங்கியவன் துடுப்பை நிறுத்தினான். வாசம். இன்னதென்று யோசிக்குமுன் கால் வேகமெடுத்துவிட்டது.

செடி பூத்து வெளுத்துக் கிடந்தது. கஸ்தூரி தலை நிறையப் பூவோடு இன்னும் தொடுத்துக்கொண்டிருந்தாள். நாகம்மாள் மடியிலும் பூ.

"அண்ணா, எங்க வூட்டுச் செடியையும் கொஞ்சம் சாவடிச்சுக் குடு," என்றாள் நாகம்மாள். "கழிச்சு, எல உருவி, ஓடு போட்டு, தண்ணி வுட்டு. அண்ணியோட நைனா வருசா வருசம் செஞ்சதாமே."

கங்காதரன் மனைவியைப் பார்த்தான். "தெரிஞ்சேதான் சொன்னியா?"

"நைனா போனப்பறம் செடியப் பாரு, செடியப் பாருனு நாலு வருசமா சொன்னேன். பாத்தியா?" அவள் தலையை நிமிர்த்தவில்லை. "கையக் கழுவிட்டு வா."

மூன்று தரம் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். வலையை அன்றைக்கு எடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவள் சொன்னாள்: "மழைக்கு முன்ன கூரைல மட்டும் ஏறிடாத. ஒழுவறது ஒழுவட்டும்."

கங்காதரனின் கண் அதற்குள் ஏணியைத் தேட ஆரம்பித்திருந்தது.