மெத்தைக் கடையின் அவசரக் கதவு

கதவு திறக்கவில்லை. மாப்பிள்ளை தோளால் முட்டினார், முதுகால் முட்டினார். கடைசியில் கெஞ்சியும் பார்த்தார்.

தலைக்கு மேலே "அவசர வழி" என்று பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழே அந்தத் தேக்குக் கதவு, கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி, அசைவேனா என்று நின்றது.

இன்னும் சிறிது நேரத்தில் தீயணைப்புத் துறை ஆபீசர் ஆய்வுக்கு வருகிறார். அவருக்குத் திருப்தி இல்லையென்றால் கடைக்குச் சீல். கடை மாமனாருடையது. அவர் கண் ஆபரேஷன் முடிந்து கட்டுப்போட்டு வீட்டில் படுத்திருப்பதால், மூன்று வாரமாக மாப்பிள்ளைதான் பொறுப்பு. இதற்கு முன் அவரே தொடங்கிய குடைக் கடையும் மீன்தொட்டிக் கடையும் போன இடம் தெரியவில்லை. காலையில் மனைவி அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"அப்பா திரும்பி வரும்போது கடை இருக்கணும். அது போதும்."

காலையில் இந்தக் கதவே கண்ணில் படவில்லை. அதன் முன்னால் கூரைவரை மெத்தைகள் அடுக்கியிருந்தன. ஆபீசர் பார்த்தால் ஆபத்து என்று, இருந்த ஆட்களை வைத்து அத்தனையையும் அப்புறப்படுத்தினார்.

"எங்கே வைக்கிறது, மாப்பிள்ளை சார்?" என்று கேட்டாள் கல்லாவில் இருக்கும் அக்கா. கடையில் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"படிக்கட்டுல வைங்க. கொஞ்ச நேரம்தானே."

கடை இரண்டாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. ஏறவும் இறங்கவும் அந்த ஒரே படிக்கட்டுதான். சுருட்டிக் கட்டியிருந்த மெத்தைகளில் ஒன்றின் கயிறு அவிழ்ந்தது. அது "அப்பாடா" என்று விரிந்து, பக்கத்து மெத்தையின் கயிற்றையும் நெம்பிவிட்டது. கொஞ்ச நேரத்தில் படிக்கட்டு முழுவதும் புளித்த மாவு மாதிரி பொங்கி நின்றது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் சாவி என்று மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் செய்தார்.

மாமியார் எடுத்தாள்.

"அத்தை, அவசரக் கதவுச் சாவி எங்கேன்னு மாமாகிட்ட கேளுங்களேன்."

அந்தப் பக்கம் முணுமுணுப்புக் கேட்டது.

"சாவி எதுக்குன்னு கேக்கறார், மாப்பிள்ளை."

"கதவைத் திறக்க."

மறுபடியும் முணுமுணுப்பு. இந்தத் தடவை கொஞ்சம் நீளமாக.

"திறக்கவே வேண்டாமாம். தூரத்துல நின்னு கையைக் காட்டினா போதுமாம். அப்புறம், பாலிஷ்ல கீறல் விழாம பாத்துக்கணுமாம். நீங்க பதறாதீங்க. இவர் கண்ணுலதான் கட்டு, வாயில இல்லை. கத்த ஆரம்பிச்சா டாக்டர் என்னைத்தான் திட்டுவார்."

போன் வைக்கப்பட்டது.

சாவியைத் தொலைத்துவிட்டு மாமனார் சமாளிக்கிறார் என்று மாப்பிள்ளை முடிவுக்கு வந்தார். பெரியவர்களின் மானத்தைக் காப்பாற்றுவது மாப்பிள்ளைகளின் கடமை. கடையில் இருந்த சாவிகளை எல்லாம் போட்டுப் பார்த்தார். ஒன்றும் நுழையவில்லை. தன் சாவிக்கொத்தில் இருந்த ஒரு சின்னச் சாவி மட்டும் பாதி நுழைந்தது. நம்பிக்கையோடு திருகினார்.

சாவி ஒடிந்து உள்ளேயே தங்கிவிட்டது.

"அது எதுக்கான சாவி?" என்றாள் கல்லா அக்கா.

"எங்க வீட்டு பீரோ. அவ நகை எல்லாம் அதுலதான் இருக்கு."

அக்கா ஆழ்ந்த அனுதாபத்தோடு அவரைப் பார்த்தாள்.

தெருமுனைப் பூட்டுக்காரர் வந்தார். மெத்தைகளின் மேல் தவழ்ந்து வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது. பூட்டுத் துவாரத்தில் கண்ணை வைத்தார், பிறகு காதை வைத்தார்.

"உள்ளே ஒரே இருட்டா இருக்கு, சார்."

"பூட்டுக்குள்ள ட்யூப்லைட்டா போடுவாங்க? திறங்க."

"துளைதான் போடணும்."

துளைக்கும் கருவி அலறியது. துளையிலிருந்து சிவப்பாகப் பொடி கொட்டியது. மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை செம்மண் நிறமானது.

"என்னய்யா இது, இவ்வளவு சிவப்பா?"

"துரு, சார். திறக்காம விட்டா இப்படித்தான். எங்கேயும் இவ்வளவு துரு நான் பார்த்ததில்லை."

அவர் இன்னும் அழுத்தினார். பொடி மேலே கிளம்பிக் கூரையைத் தொட்டது. கூரையில் இருந்த கருவிக்குப் புகைக்கும் பொடிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கடையே நடுங்கும்படி அபாய மணி அடிக்கத் தொடங்கியது.

படிக்கட்டு அடைபடும் முன்பே வந்திருந்த வாடிக்கையாளர்கள் எழுந்தார்கள். படுத்துப் பார்க்கிறேன் என்று படுத்துத் தூங்கியே போயிருந்த ஒரு பெரிய மனிதரும் எழுந்தார். எல்லாரும் படிக்கட்டுக்கு ஓடினார்கள். படிக்கட்டைக் காணவில்லை. திரும்பினார்கள். சுவரெங்கும் பச்சை அம்புகள் இருந்தன. அம்புகளை ஒழுங்காகப் பின்பற்றி, அத்தனை பேரும் கதவுக்கு முன்னால் இருந்த குறுகிய நடைக்குள் நுழைந்து மாப்பிள்ளையைக் கதவோடு கதவாக அழுத்தினார்கள்.

"தம்பி, வழி இதுதானே?" என்றார் தூங்கி எழுந்தவர். தலையணையை அவர் விடவில்லை.

"இதுதாங்க."

"அப்போ போங்களேன்."

"கதவுக்கு அந்தப் பக்கம் இரும்புப் படி இருக்குங்க. பின்னால சந்துல நின்னு நானே பார்த்திருக்கேன். பூட்டுதான் கொஞ்சம் மக்கர் பண்ணுது."

"தீ மக்கர் பண்ணாதே, தம்பி."

யாரும் சிரிக்கவில்லை. கூட்டத்தின் நடுவில் ஒரு குழந்தை அழுதது. அதன் அம்மா அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். மாப்பிள்ளை கூரையை அண்ணாந்து பார்த்தார். இது பொடி. இதுவே புகையாக இருந்தால்? முன்னால் வழியை அடைத்தது யார்? அவர்தான். சீல், மாமனார், பீரோ எல்லாம் அந்த ஒரு நொடியில் எங்கோ போய்விட்டன. கதவில் சாய்ந்தபடி நின்றார்.

"தீ இல்லைங்க. சத்தியமா தீ இல்லை. பூட்டுத் தூள்" என்று மணிச் சத்தத்துக்கு மேலே கத்தினார்.

யாரோ மணியை நிறுத்தினார்கள். அந்த அமைதியில், மெத்தைகளின் மேலிருந்து ஒரு காக்கித் தொப்பி எழுந்தது. தொப்பிக்குக் கீழே ஆபீசர், நாலு காலில். மீசையில் பஞ்சு.

"படிக்கட்டுல மெத்தை வச்சது யார்?"

எல்லாருடைய கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது.

"நான்தான், சார். கதவுக்கு முன்னால இருந்ததை..."

ஆபீசர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கதவைப் பார்த்ததும் அவர் முகம் கனிந்தது.

"இந்தக் கதவா? இதுக்காக உங்களை மன்னிக்கலாம். போன வருஷம் நானே வந்து பார்த்தேன். புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கு இந்தக் கதவைத்தான் உதாரணமாச் சொல்றேன். அவசர வழின்னா இப்படி இருக்கணும்."

"அப்போ இது நல்லாத் திறந்துச்சா, சார்?" என்று கேட்டாள் கல்லா அக்கா.

"திறக்கறதா? பாலிஷ் அப்படியே கண்ணாடி மாதிரி இருந்தது. தொடவே மனசு வரலை." ஆபீசர் சட்டென்று கறாரானார். "சரி. முன்வழி அடைபட்டிருக்கு, ஆட்கள் உள்ளே இருக்காங்க. இப்படி ஒரு நேரத்துக்குத்தான் இது. எல்லாரையும் இது வழியா இறக்குங்க. என் கண் முன்னால."

"சாவி இல்லை, சார்."

"கோடாலி?"

சுவரில் தொங்கிய தீயணைப்புக் கோடாலியை ஆபீசரே எடுத்துக் கொடுத்தார். மாப்பிள்ளை பாலிஷை நினைத்துக்கொண்டார். பிறகு குழந்தையைப் பார்த்தார். மாமனார் என்ன சொன்னாலும் சொல்லிக்கொள்ளட்டும் என்று கோடாலியை ஓங்கினார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"அய்யய்யோ, நிறுத்துங்க, நிறுத்துங்க."

மெத்தைகளில் உருண்டு விழுந்து வந்துகொண்டிருந்தவர் கடையின் பழைய தச்சர். கதவைக் கீலோடு கழற்றிவிடலாம் என்று கல்லா அக்காதான் அவருக்குப் போன் செய்திருந்தாள். அவர் ஓடிவந்து, பெற்ற பிள்ளையை அணைப்பதுபோல் கதவை மறைத்துக்கொண்டு நின்றார்.

"எதுக்கு உடைக்கிறீங்க?"

"அந்தப் பக்கம் போகணும்யா" என்றார் ஆபீசர்.

"பக்கத்துக் கட்டடத்துக்கா?"

"என்ன உளர்றே? இந்தக் கதவைத் திறந்தா இரும்புப் படி."

"அந்தப் படி அவங்களோடது, சார்."

மாப்பிள்ளையின் கையில் கோடாலி அப்படியே நின்றது. பூட்டுக்காரர் தன் உள்ளங்கையில் ஒட்டியிருந்த சிவப்புப் பொடியை மெதுவாக மோந்து பார்த்தார். ஆபீசரின் மீசையிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சு கழன்று விழுந்தது.

தச்சர் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன் மேல் ஒரு தப்பும் இல்லை என்கிற குரலில் சொன்னார்:

"போன வருஷம் ஆபீசர் வர்றாருன்னு முதலாளி அவசரப்படுத்தினாரு, அதான் செங்கல் சுவத்து மேலயே கதவை அறைஞ்சு கொடுத்தேன், அவர் கதவுதானே கேட்டாரு, வழி கேக்கலையே."