பூப்பொட்டலத்தின் மேல் ஒரு சிலந்தி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தயங்கினேன். சம்பந்தி வீட்டு விஷயம். அதிலும் சாமி விஷயம். நான் படித்ததோ எட்டாவது. போன மாதம் சம்பந்தியம்மாவே, "ஒண்ணு விடாம எழுதுங்க" என்று சொல்லிவிட்டார். குலசாமியைக் கும்பிட்டு ஆரம்பிக்கிறேன்.

கோச்சடையில் எனக்கு மாவு மில். போன் கேமராவில் கவ்வுகிற சின்ன லென்ஸ் ஒன்றை என் மகள் தேன்மொழி வாங்கித் தந்ததிலிருந்து எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. குதிக்கும் சிலந்திகளைப் படம் பிடிப்பது. அது வலையில் சும்மா உட்கார்ந்திருக்காது. தாவித்தான் இரை பிடிக்கும். கிட்டே போனால் இரண்டு பெரிய கண்ணால் நம்மையே திரும்பிப் பார்க்கும். (மில்லில் யாரும் என்னை அப்படி மதித்துப் பார்த்ததில்லை.) முகத்தோடு முகம் வைத்தால்தான் படம் தெளியும், மூச்சு விட்டால் ஓடிவிடும். கண்மாய்க் கரையில் நான் குப்புறக் கிடப்பதைப் பார்த்து, "அண்ணே, ஆம்புலன்ஸக் கூப்பிடவா?" என்று கேட்டவர்கள் உண்டு. இத்தனை பாடுபட்டும் கண் தெளிந்த படம் ஒன்றுகூட அமையவில்லை.

அப்போதுதான் தேன்மொழிக்குக் கொட்டாம்பட்டியில் நல்ல இடம் வந்தது. பிள்ளைகளுக்குள் பிடித்துப்போனது. மாப்பிள்ளையின் அம்மா மட்டும், "சாமி உத்தரவு கேட்டுட்டுத்தேன் மத்ததெல்லாம்" என்றார். கீழக்குயில்குடிப் பக்கம் எங்கள் குலசாமி கோயிலில் பூக்கட்டிப் பார்க்கப் போனோம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி காலடியில் வைத்து ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் கல்யாணம். சிவப்பு வந்தால் அந்தப் பேச்சையே விட்டுவிட வேண்டும்.

சத்தியமாக மனமுருகித்தான் கும்பிட்டேன். கண்ணைத் திறந்தால் ஒரு பொட்டலத்தின் மேல் குதிக்கும் சிலந்தி! முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு என்னையே பார்க்கிறது. போனும் கையுமாகச் சாஷ்டாங்கமாக விழுந்தேன். பக்தி முற்றிவிட்டது என்று நினைத்து என் மனைவி பாண்டியம்மாளும் விழுந்தாள்.

குழந்தையின் கை பொட்டலத்தை நோக்கி வந்தது.

"தொடாதே! தொடாதே!"

மில் இரைச்சலுக்குப் பழகிய தொண்டை. குழந்தை வீறிட்டது. பூசாரி கையில் மணி நின்றுபோனது.

சம்பந்தியம்மா முந்தானையைச் செருகினார். "பொண்ணப் பெத்தவரே தொடாதேங்குறாரு. இதுக்கு மேல சாமி என்னத்தச் சொல்லணும்? கிளம்புங்க."

"ஆத்தாடி, எம்மக வாழ்க்கையக் கெடுத்துட்டாரே!" என்றாள் பாண்டியம்மாள்.

"அம்மா, நான் சிலந்தியத்தேன் சொன்னேன். இந்தா, நீங்களே பாருங்க!"

அவர் குனிந்து பார்த்தார். அது தாவி அவர் மூக்கின் மேல் உட்கார்ந்தது.

புத்தியுள்ளவன் என்ன செய்திருப்பான்? நான் போனை அவர் முகத்துக்கு நேராகக் கொண்டுபோய், "ஆடாதீங்கம்மா, மூச்சு விடாதீங்க" என்றேன். பாவம், அவரும் விடவில்லை. படம் பிடித்தேன். முதுகில் பாண்டியம்மாளின் கை இறங்கியது. அப்புறம்தான் சுயநினைவு வந்து, சிலந்தியை மெதுவாக விரலில் ஏற்றி வேப்பமரத்தில் விட்டேன். "பயந்துருச்சும்மா" என்றேன்.

"எது? அது பயந்துருச்சா?"

முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். சம்பந்தியம்மா மூக்கைத் துடைத்தபடி வேப்பமரத்தையும் என் விரலையும் பார்த்தார். பிறகு பூசாரியிடம் திரும்பினார்.

"பூச்சியவே இம்புட்டு பதனமா எடுக்குறவரு, பிள்ளையத் தப்பாவா வளத்துருப்பாரு? மறுபடி வைங்க. ஆனா, முதல்ல அந்தப் போன எங்கிட்ட வாங்கிக் குடுங்க."

வெள்ளைப் பூ வந்தது. நான் அழுதுவிட்டேன்.

தாலி கட்டுகிற நேரத்திலும் என் போன் சம்பந்தியம்மாவின் இடுப்பில்தான் இருந்தது. இன்றும் கொட்டாம்பட்டி போனால், "அண்ணே, போனு!" என்று வாசலிலேயே கையை நீட்டுவார். நடுவீட்டில் அந்தப் படம் மாட்டியிருக்கிறது: கண் தெளிந்த சிலந்தி, பின்னால் மாறுகண்ணோடு அவர்.

ஆனால் சொந்தக்காரர்கள் வாயில் கதை வளர்ந்துவிட்டது. சாமியே சிலந்தியாக வந்ததாம், நான் அருள்வாக்கு சொன்னேனாம்! மில்லுக்கு எலுமிச்சம்பழத்தோடு வந்து குறி கேட்கிறார்கள். ஆகவே இதைப் படிப்பவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். வந்தது வெறும் சிலந்தி. கத்தியது நான். வெள்ளைப் பூவைத் தந்தது மட்டும்தான் சாமி. யாரிடம் சொன்னாலும் இந்த மூன்றையும் மாற்றாமல் சொல்லுங்கள், புண்ணியமாகப் போகும்.