நான்காம் அங்கம் இல்லாமல் சம்மதிக்க முடியாது

என் தங்கை மகளும் நம் ஊர் நாடகக் குழுவின் இயக்குநருமான சொலாஞ்சுக்கு, மாமா ஒனோரே எழுதுவது. நீயும் உன் கணவரும் சுகம் என்று நம்புகிறேன். நான் சுகமில்லை. காரணம் நீ.

என்னை ஒரு வார்த்தை கேட்காமல், ஞாயிற்றுக்கிழமை நாடகத்தின் நான்காம் அங்கத்தை அப்படியே வெட்டிவிட்டாய். நாடகம் நீண்டால் பார்க்க வந்தவர்களின் கடைசிப் பேருந்து போய்விடுமாம். பேருந்துக்காக ஒரு தகப்பனின் மானத்தை வாங்கலாமா?

நான் கல்லூரி போனவனில்லை. ரயில்வே கேட் காவலனாக, ஒரு ரயில் போய் அடுத்த ரயில் வருவதற்குள் உட்கார்ந்து படித்தே நாடகம் கற்றவன். முதல் அங்கத்தில் மகள் ஒருவனை விரும்புகிறாள், அப்பன் முடியாது என்கிறான். இரண்டாவதில் வேலைக்காரி சூழ்ச்சி செய்கிறாள். மூன்றாவதில் அது வெளிப்பட்டு, அப்பன் முன்னைவிட முறுக்கிக்கொள்கிறான். நான்காவதில் காதலன் ஒட்டு மீசையோடு ஜெனிவா கடிகார வியாபாரியாக வந்து, அப்பனின் அறிவைப் புகழ்ந்து புகழ்ந்தே மகளைத் தருவதாக வாக்கு வாங்கிவிடுகிறான். ஐந்தாவதில் மீசை விழுகிறது. கொடுத்த வாக்கை மீற முடியாமல் அப்பன் சம்மதிக்கிறான். ஏமாந்து சம்மதிப்பதில் அவமானமில்லை. நீயோ, "முடியாது!" என்று அப்பன் வேஷத்தில் நான் கர்ஜித்ததும் திரையை மூடித் திறந்து, "சம்மதம்" என்று சொல்ல வைத்தாய்.

அரங்க வாசலிலேயே கறிக்கடை மதாம் பிடித்துக்கொண்டாள். "என்ன ஐயா, திரை மூடித் திறக்கிறதுக்குள்ள கரைஞ்சு போயிட்டீங்களே! வீட்லயும் இப்படித்தானா?"

வீட்டில் சூப் ஆறுவதற்குள் என் மகள் ஒடீல் ஆரம்பித்தாள். "அப்பா, மேடையில சம்மதிச்சீங்க இல்ல? பாஸ்தியானுக்கும் சரின்னு சொல்லிடுங்களேன்."

பாஸ்தியான்! போன வருஷம் என் நீண்ட வசனத்தின்போது முன்வரிசையில் கொட்டாவி விட்டவன்.

"முடியாது."

"அன்னிக்கு அவர் ராத்திரி பூரா ரொட்டி சுட்டுட்டு நேரா வந்தாருப்பா!"

"முடியாதுன்னா முடியாது."

"அப்போ அடுத்த மாசம் நாங்க திஜோன் நகரத்துல கல்யாணம் பண்ணிக்கிறோம். வந்தா வாங்க, வராட்டி போங்க."

"ஆமா, நாடகத்துலயாவது அஞ்சாவது அங்கத்துல மனசு மாறுது," என்றாள் உன் அத்தை. "இந்த மனுஷன் மூணாவதுலயே குடித்தனம் நடத்துறாரு."

அன்றிலிருந்து ஒடீல் என்னோடு பேசுவதில்லை. ரொட்டிக் கூடையை என் பக்கம் தள்ளிவிடுவதோடு சரி. அவள் கல்யாணத்தில் நான் இல்லாமல் இருப்பதை நினைத்தால் சூப்பைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுகிறேன். ஆனால் மூன்று அங்கம் முடியாது என்றவன் நான்காவதில் ஏமாறாமல் எப்படி இறங்கி வருவான்? ஊர் என்ன சொல்லும்?

ஆகவே செய்ய வேண்டியவை. அடுத்த ஞாயிறு நீ நான்காம் அங்கத்தை முழுசாகப் போட வேண்டும். அந்தக் கடைசிப் பேருந்தின் ஓட்டுநர் காத்திருக்க வேண்டும். அதற்கு முன், செவ்வாய் மாலை நான்கு மணிக்கு, பாஸ்தியான் ஒட்டு மீசையோடு கடிகார வியாபாரியாக என் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். என் அறிவைப் புகழ வேண்டும், அவசரப்படாமல். உன் அத்தை சிரிக்காமல் சமையலறையிலேயே இருக்க வேண்டும். ஒடீல் அவனை யாரென்றே தெரியாதது போல் நிற்க வேண்டும். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் குடும்பம் செழிக்கட்டும், உன் கத்தரிக்கோல் மழுங்கட்டும்.

கோபம் தணியாத மாமா,
ஒனோரே

பின்குறிப்பு: மீசை கிடைக்காவிட்டால் சும்மாவே வரச் சொல். என் மூக்குக்கண்ணாடியை நானே கழற்றி ஒளித்துவைத்துக்கொள்கிறேன்.